பொதுப்பணமும் போரும்: பம்பாய் வாக்காளரின் தராசு

தேர்தல் என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம். ஆயினும் அதற்கு முன்பு ஒவ்வொரு வாக்காளரும் தம் மனத்துள் நடத்தும் விசாரணை பல நாட்கள் நீடிப்பது. ஆளவந்தவர்கள் பொதுமக்களின் பணத்தை எவருக்காகச் செலவிட்டார்கள்? நாட்டின் இளைஞர்களை எந்தப் போருக்கு, எத்தகைய ஆயத்தத்துடன் அனுப்பினார்கள்? ஒரு தலைவரை எடைபோடுவதற்கு இவ்விரண்டினும் பெரிய வினாக்கள் இல்லை எனலாம். முதல் வினா நம் உழைப்பைப் பற்றியது. இரண்டாவது நம் பிள்ளைகளின் உயிரைப் பற்றியது.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் திவாலாயிற்று. மற்ற வங்கிகளைக் காப்பாற்றும் பொருட்டு 70,000 கோடி டாலர் வரை செலவிட அரசாங்கத்திற்கு அதிகாரமளிக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது. வேட்பாளர்களான ஒபாமா, மெக்கெய்ன் இருவரும் அப்போது செனட் உறுப்பினர்கள். அக்டோபர் 1ஆம் நாள் இருவருமே அச்சட்டத்தை ஆதரித்து வாக்களித்தனர். இராக் போரிலோ இருவரும் எதிரெதிரே நின்றனர். மெக்கெய்ன் 2002ல் அப்போருக்கு அனுமதி தந்து வாக்களித்தவர். ஒபாமா அதே ஆண்டில் சிகாகோ நகரப் பொதுக்கூட்டம் ஒன்றில் அதனை எதிர்த்துப் பேசியவர். ஆகவே போரைப் பற்றி வாக்காளர் ஒருவரை விடுத்து மற்றவரைத் தெரிந்துகொள்ள இடமிருந்தது. பொதுப்பணத்தைப் பற்றி அவ்விடம் இல்லாது போயிற்று.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆதலின் குடிமக்கள் செய்யவேண்டிய சீர்தூக்கல் லோக்சபைத் தேர்தலிலேயே நிகழவேண்டியிருக்கிறது. நாம் வாழும் இம்மும்பை மாநகர் பம்பாய் என்று வழங்கிய காலத்தில், 1957 முதல் 1962 வரையிலான 5 ஆண்டுகளுக்குள், அந்த இரண்டு வினாக்களும் இந்நகரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றுள் எது வாக்குப் பெட்டியைச் சென்றடைந்தது, எது சென்றடையவில்லை என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

அந்நாளில் பம்பாயில் வாழ்ந்த தமிழர்களுக்கு இவை வேற்றார் விஷயங்களாக இருக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்து தாராவியில் குடியேறியவர் பலர். மாட்டுங்காவில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அலுவலகங்களில் உத்தியோகம் பார்த்தவர்கள். 1932லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள். பின்னர்ச் செம்பூரிலும் நம்மவர் வீடுகள் பெருகின. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இன்ஷூரன்ஸ் தவணை கட்டுவது இக்குடும்பங்களில் ஒரு கடமையாகவே கருதப்பட்டது. ஊரில் நிலமில்லாதவனுக்கு அப்பத்திரமே நிலம்.

முதலில் பணத்தின் கதையைப் பார்ப்போம். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் சில, பாலிசிதாரர்களின் பணத்தைத் தம் சொந்த வியாபாரங்களுக்குப் பயன்படுத்தி வந்தன. இதனைத் தடுக்கும் நோக்கத்துடன் அரசாங்கம் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைத் தேசியமயமாக்கியது. 245 கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1ஆம் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. அது பிறந்து 10 மாதங்கள் நிறைவதற்குள், 1957 ஜூன் மாதக் கடைசியில், கல்கத்தாவில் தொழில் நடத்திய ஹரிதாஸ் முந்திராவின் 6 கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. முந்திரா அப்போது பெருங்கடனில் ஆழ்ந்திருந்தார். கார்ப்பொரேஷனின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலந்துகொள்ளாமலே அக்கொள்முதல் முடிந்தது. எந்தத் தீங்கைத் தடுக்கக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டதோ, அத்தீங்கே அதன் வாயிலாக நிகழ்ந்துவிட்டதோ என்று மக்கள் ஐயுற்றனர்.

அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் லோக்சபையில் இதனைத் தக்க விவரங்களுடன் வெளிப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஏக உறுப்பினராகக் கொண்ட விசாரணைக் கமிஷன் 1958 ஜனவரியில் அமைக்கப்பட்டது. விசாரணை பம்பாயில் மக்கள் கண்முன்னே நடைபெற்றது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று ஒலிபெருக்கியில் சாட்சியங்களைக் கேட்டனர். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியாரும், நிதித்துறைச் செயலாளர் ஹெச்.எம். படேலும் சாட்சிக் கூண்டில் ஏறிக் கேள்விகளுக்கு விடையளித்தனர்.

கல்கத்தாப் பங்குச் சந்தை சரியாமல் தாங்கிப்பிடிப்பதற்காகவே பங்குகள் வாங்கப்பட்டன என்று ஒரு சமாதானம் கூறப்பட்டது. நீதிபதி சாக்ளா அதனை ஏற்கவில்லை. ஒரு தனிமனிதருக்குக் கைகொடுத்ததாகவே அவர் கண்டார். தாம் இதற்கு ஒப்புதல் தரவில்லை என்று அமைச்சர் கூறினார். தம் துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் முறைப்படி பொறுப்பாளி என்பது கமிஷனின் முடிவு. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரியார் பதவியை ராஜிநாமா செய்தார்.

அவர் நம்மவர். சென்னையில் வாணிகம் நடத்திப் பேர்பெற்றவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்றவர். ஆற்றல் மிகுந்த நிர்வாகி. அவருக்கு நேர்ந்ததை எண்ணி வருந்தியவர் தமிழரிடையே பலர் இருந்திருப்பர். அவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும் முந்திராவின் கம்பெனிகளுக்குப் போன பணத்தில் மாட்டுங்காவின் தவணையும் இருந்தது. அமைச்சர் நம்மவர் என்றால், பாலிசிதாரரும் நம்மவரே அல்லரோ?

இதனை வாக்காளர் எவ்வாறு எடைபோட்டனர்? 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கிருஷ்ணமாச்சாரியார் திருச்செந்தூர்த் தொகுதியில் லோக்சபைக்கு நின்றார். தாராவித் தமிழர் பலருக்குச் சொந்தச் சீமை அது. அவரை எதிர்த்து வேட்பாளரே இல்லை, போட்டியின்றித் தேர்வானார். குற்றமற்றவர் என்று திருச்செந்தூர் வாக்காளர் தீர்ப்பளித்தனர் என்றும் கூறமுடியாது. குற்றமுடையவர் என்று கருதினர் என்றும் கூறமுடியாது. அவர்களிடம் வினாவே கேட்கப்படவில்லை. தராசு இருந்தது; தட்டில் வைக்க ஒன்றும் தரப்படவில்லை. பொதுப்பணத்தால் ஒரு தனியாரைக் காப்பாற்றிய வினா பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. நீதிபதியின் முன் ஆராயப்பட்டது. வாக்குப் பெட்டியை மட்டும் எட்டவில்லை.

அதே தேர்தலில் போரைப் பற்றிய வினாவோ பம்பாயின் தெருக்களுக்கே வந்துவிட்டது. வடபம்பாய்த் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராகப் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் நின்றார். அவரை எதிர்த்து ஆசார்ய கிருபளானி சுயேச்சையாக நின்றார். பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, ஜனசங்கம், ராஜாஜி 1959ல் தோற்றுவித்த சுதந்திராக் கட்சி ஆகியவை கிருபளானியை ஆதரித்தன. மேனனுக்காக நேருவே பம்பாய் வந்து பேசினார். திலீப் குமார் போன்ற திரை நட்சத்திரங்களும் வாக்குக் கேட்டனர். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் ஒரு தொகுதியின் தேர்தலை இவ்வளவு கூர்ந்து நோக்கியது அரிது.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேனன் கோழிக்கோட்டில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். கிருபளானி சிந்து நாட்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் இருவருள் ஒருவரும் இலர். மகாராஷ்டிர மாநிலம் பிறந்து அப்போது 2 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அப்படியிருந்தும் அத்தேர்தலின் தலையாய வினா நாட்டின் பாதுகாப்பைப் பற்றியதாகவே இருந்தது.

கிருபளானியின் வாதம் தெளிவானது. 1959ல் லோங்ஜுவிலும் கோங்கா கணவாயிலும் சீனப் படைகள் நம் வீரர்களைச் சுட்டு வீழ்த்தின. எல்லையில் 12,000 சதுர மைல் நிலத்தை நாம் எதிர்த்து ஓர் அடியும் அடிக்காமல் இழந்துவிட்டோம் என்று 1961 ஏப்ரலில் அவர் லோக்சபையில் இடித்துரைத்தார். ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வில் அமைச்சர் தலையிடுவதால் படையின் ஊக்கம் குன்றுகிறது என்பதும் அவர் குற்றச்சாட்டு. 1959ல் தரைப்படைத் தளபதி திம்மய்யா ராஜிநாமாக் கடிதம் கொடுத்துப் பின்னர் நேருவின் வேண்டுகோளால் திரும்பப் பெற்றது அவ்வாதத்திற்கு வலுவளித்தது.

மேனன் தரப்பிலும் சான்றுகள் இல்லாமலில்லை. 1957 ஜனவரியில் காஷ்மீர் விவகாரத்தைப் பற்றி ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபையில் இரண்டு நாட்களில் ஏறக்குறைய 8 மணி நேரம் பேசி இந்தியாவின் கட்சியை நிலைநாட்டியவர் அவர். ஆயுதங்களைப் பிறநாட்டிலிருந்து வாங்குவதைக் குறைத்து உள்நாட்டிலேயே செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்ததும், சதாராவில் முதல் சைனிக் பள்ளி தொடங்கியதும் அவர் காலத்தில், 1961ஆம் ஆண்டில். எல்லாவற்றினும் மேலாக, அவ்வாண்டு டிசம்பரில் இரண்டே நாட்களில் கோவா விடுதலை பெற்றது. 451 ஆண்டுப் போர்த்துகீசிய ஆட்சி முடிந்தது. பம்பாயில் கோவாக்காரர் மிகப் பலர். கோவா இந்நகரத்திற்கு அண்டை வீடு போன்றது. அவ்வெற்றிக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இரண்டு மாதங்களே இருந்தன.

முடிவு ஐயத்திற்கிடமின்றி அமைந்தது. மேனனுக்குச் சுமார் 2,97,000 வாக்குகளும், கிருபளானிக்குச் சுமார் 1,51,000 வாக்குகளும் கிடைத்தன. ஏறத்தாழ இருமடங்கு.

எட்டு மாதங்கள் சென்றன. 1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒருசேரத் தாக்கின. குளிருக்கேற்ற உடையும் போதிய தளவாடமும் இன்றி நம் வீரர்கள் மலையுச்சிகளில் போரிட்டு மடிந்தனர். சேலாவும் பொம்டிலாவும் வீழ்ந்தன. அக்டோபர் 31ஆம் நாள் நேரு பாதுகாப்புப் பொறுப்பைத் தாமே ஏற்றார். நவம்பரில் மேனன் மந்திரி சபையை விட்டே விலகினார். மகாராஷ்டிர முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவாண் பம்பாயிலிருந்து டில்லிக்கு அழைக்கப்பட்டுப் பாதுகாப்பு அமைச்சரானார். அதே நவம்பரில் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சராக நியமனம் பெற்றவர் கிருஷ்ணமாச்சாரியார். கிருபளானியோ அடுத்த ஆண்டு அம்ரோஹா இடைத்தேர்தலில் வென்று, 1963 ஆகஸ்டில் நேருவின் அமைச்சரவை மீது சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் விழுந்தன. தீர்மானம் தோற்றது, ஆயினும் போரைப் பற்றிய கேள்விகள் நான்கு நாட்கள் சபையில் ஒலித்தன.

இவற்றையெல்லாம் அறிந்துள்ள நாம், வடபம்பாய் வாக்காளர் தவறிழைத்தனர் என்று எளிதில் கூறிவிடலாம். அது முழு நியாயமாகாது. கோவா வெற்றி அவர்கள் கண்ட உண்மை. எல்லையின் நிலையைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி அரசாங்கத்தின் பூட்டிய பேழைக்குள் இருந்தது. லோங்ஜுவும் கோங்காவும் பத்திரிகைகளில் வந்தவைதாம்; ஆனால் அருகிலுள்ள வெற்றி கண்ணுக்குப் பெரிதாகவும், தொலைவிலுள்ள ஆபத்து சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு. அவர்களுடைய எடை பிழைத்தது. எடைபோட்ட முறை பிழைக்கவில்லை. ஒருவர் செய்தது என்ன, மற்றவர் எச்சரித்தது என்ன என்று கேட்டே வாக்களித்தனர். அப்படிக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அடுத்த முறை விடையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை வந்தபோது நிகழ்ந்தது வேறு. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் மேனனுக்குப் பம்பாயில் காங்கிரஸ் இடந்தர மறுத்தது. அவர் இம்மாநிலத்தவர் அல்லர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. முந்திய ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பால் தாக்கரே தோற்றுவித்த சிவசேனை, தென்னிந்தியர் இந்நகரத்து உத்தியோகங்களைக் கைப்பற்றிக்கொண்டனர் என்று கடுமையாகப் பிரசாரம் செய்துவந்தது. மேனன் கட்சியை விட்டு விலகி வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்றார். காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.ஜி. பார்வே முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி, மாநில அமைச்சராயிருந்தவர், தகுதி மிக்கவர். சிவசேனை அவரை ஆதரித்தது. மேனன் சுமார் 13,000 வாக்குகளில் தோற்றார். பார்வே சில நாட்களிலேயே காலமாக, இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சாப்ரேயிடமும் மேனன் தோல்வியுற்றார்.

1962 போரின் பொறுப்பை எண்ணி மேனனைத் தள்ளியவர்கள் அவ்வாக்காளரிடையே இருந்திருப்பர். அவர்கள் செய்தது நேர்மையான தீர்ப்பு. ஆனால் எத்தனை வாக்குகள் போருக்காக மாறின, எத்தனை வாக்குகள் பிறந்த ஊருக்காக மாறின என்று இன்று எவராலும் பிரித்தறிய முடியாது. நாட்டின் பாதுகாப்பை ஐந்தரை ஆண்டுகள் நடத்திய ஒருவர் அதற்குக் கணக்குச் சொல்லவேண்டிய தருணத்தில், அவர் எம்மொழியினர் என்னும் கேள்வி குறுக்கே வந்து நின்றது. கணக்குக் கேட்கப்பட்டதா, இல்லையா என்பதே மங்கிப்போயிற்று. அவ்வாண்டுகளில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த நம்மவர் வாக்காளராயிருந்ததோடு நில்லாமல், தாமே தேர்தலின் பொருளாகவும் ஆகிவிட்டனர். கடைப் பலகையில் உள்ள பெயரைப் பார்த்து அஞ்சிய காலம் அது.

எனினும் இந்நகரத்தை ஒரேயடியாகக் குறைகூறுதல் தகாது. அதே 1967 தேர்தலில் தென்பம்பாயில், நகரக் காங்கிரஸின் அசைக்கமுடியாத தலைவர் எனக் கருதப்பட்ட எஸ்.கே. பாட்டீலை ஒரு தொழிற்சங்கவாதி வென்றார். அவர் மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ். தொழிலாளரோடு நின்றவர் எவர் என்று அத்தொகுதியார் கேட்டனர். எங்கே பிறந்தவர் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவரே பின்னாளில், 1999ல் கார்கில் போர் நிகழ்ந்தபோது, நாட்டின் பாதுகாப்பு அமைச்சராயிருந்தார்.

பொதுப்பணத்தின் வினாவும் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1963ல் மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரியாரின் காலத்திலேயே, சிறு சேமிப்பாளருக்கென யூனிட் டிரஸ்ட் ஏற்பட்டது. 1964ல் பம்பாயில் தன் பணியைத் தொடங்கியது. 2001 ஜூலையில் அதன் புகழ்பெற்ற யூ.எஸ். 64 திட்டத்தில் யூனிட்டுகளை விற்பதும் திரும்பப் பெறுவதும் திடீரென நிறுத்தப்பட்டபோது, ஓய்வூதியக்காரர் பலர் கலங்கினர். அடுத்த ஆண்டில் யூனிட் டிரஸ்ட் சட்டமே நீக்கப்பட்டு, அரசாங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. இங்கே காப்பாற்றப்பட்டவர்கள் சிறு சேமிப்பாளர்கள். முந்திரா விவகாரத்தில் காப்பாற்றப்பட்டவர் கடனில் மூழ்கிய ஒருவர். இரண்டும் ஒன்றல்ல. ஆகவே அரசாங்கம் கைகொடுப்பது எப்போதும் தவறு என்றோ, எப்போதும் சரி என்றோ முடிவுகட்டுதல் இயலாது. யாருக்காக, யார் பணத்தில், யார் அறிய என்பனவே கேட்கத்தக்கவை. போருக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். யாருடைய பாதுகாப்புக்காக, எவருடைய உயிரைக் கொண்டு, எந்த ஆயத்தத்துடன்?

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறுவது நம் மரபு. கோலைப் பிடிக்கும் கை தன் சார்பால் ஒரு பக்கம் அழுத்துமானால் பண்டத்தின் எடை தெரியாது. மேனனின் பிறப்பிடத்தைத் தட்டில் வைத்தவர்கள் அவ்வாறு அழுத்தினர் என்று நாம் வருந்துகிறோம். அவ்வருத்தம் நேர்மையுடையதாக வேண்டுமானால், நம் மொழி பேசுகிறார் என்னும் ஒரே காரணத்திற்காக ஒருவருக்கு வாக்களிப்பதையும், நம்மவர் என்பதற்காக ஒருவரிடம் கணக்குக் கேளாமல் விடுவதையும் நாமும் விலக்கவேண்டும். பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் இடத்தில் வாக்குரிமை பெற்றவர்களுக்கு இக்கடமை இருமடங்கு. நம்மை எடைபோடும்போது பிறர் எந்தத் தராசைப் பயன்படுத்தவேண்டும் என்று விரும்புகிறோமோ, அந்தத் தராசையே நாமும் கையில் ஏந்திச் செல்வோமாக.